எலும்பா, சிறுத்தையா? '2001' படத்துக் குரங்குகள் பற்றி ஒரு நீண்ட இழை

கேட்டவர்: டர்பன் பீனிக்ஸ் வாசகர் ஒருவர் (3 ஆகஸ்ட் 2024)

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' நேற்றுதான் முழுதாகப் பார்த்தேன். குரங்கு ஒன்று எலும்பை எடுத்து இன்னொரு குரங்கை அடித்துக் கொல்கிறது. எலும்பை மேலே வீசுகிறது. அடுத்த காட்சியில் விண்கலம். கொல்லக் கற்றுக்கொண்டதால்தான் மனிதன் மனிதனானான் என்கிறதா படம்? குரங்குகள் முன்னால் வந்து நிற்கும் அந்தக் கறுப்புக் கல் கடவுள்தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட், இரவு

கல்லை அப்புறம் பார்க்கலாம், முதலில் எலும்பு. அது நம் ஊர், தென்னாப்பிரிக்க எலும்பு என்று சொன்னால் நம்புவீர்களா? விளையாட்டில்லை. 1924-இல் டாவுங் என்ற இடத்துச் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து பாறைத் துண்டுகள் ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்தன. அதில் ஒன்றுக்குள் ஒரு குழந்தையின் மண்டை. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்துக்கொண்டிருந்த ரேமண்ட் டார்ட் பாறையைச் சுரண்டி முகத்தை வெளியே எடுத்தார், 1925 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் எழுதினார், குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவில் நிற்கும் உயிர் இது, ஆப்பிரிக்காவில்தான் எல்லாம் தொடங்கியது என்று. லண்டன் பெரியவர்கள் ஏறக்குறைய இருபது வருஷம் அவரை ஒதுக்கியே வைத்தார்கள். அவர்கள் கையில் பில்ட்டவுன் மண்டை இருந்தது, அதாவது இங்கிலாந்திலேயே கிடைத்த 'முதல் மனிதன்'. அது ஒட்டுப்போட்ட போலி என்று 1953-இல் அம்பலமானது.

அதே 1953-இல் டார்ட் இன்னொரு கட்டுரை எழுதினார். மக்காபான்ஸ்காட் குகையில் மான் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன, நொறுங்கிய பபூன் மண்டைகளும் கிடந்தன. மானின் முன்னங்கால் எலும்பைத் தடியாக்கி இந்த மண்டைகளை உடைத்தது நம் மூதாதைதான், வேட்டையும் கொலையும்தான் அவனை மனிதனாக்கின என்று முடிவு கட்டினார். ராபர்ட் ஆர்ட்ரே என்ற அமெரிக்க நாடகக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு 1961-இல் ஒரு புத்தகம் போட்டார், நன்றாக விற்றது. படத்தின் இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கோடு உட்கார்ந்து கதையைக் கட்டிய நாட்களில் நாவலாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் அதைப் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் 1968-இல் படம். ஆக நீங்கள் பார்த்தது டார்ட்டின் குகை.

பின்னணிப் பாலைவனமும் நம் பக்கத்து வீடுதான். அன்றைய தென்மேற்கு ஆப்பிரிக்கா, இன்றைய நமீபியா. அங்கே எடுத்த படங்களை இங்கிலாந்து ஸ்டுடியோவில் முன்பக்கமிருந்து ஒளிபாய்ச்சி, நடிகர்களுக்குப் பின்னால் திரையில் காட்டினார்கள். எலும்பால் அடித்து நொறுக்குகிற அந்த ஒரு காட்சி மட்டும் ஸ்டுடியோவுக்கு வெளியே எடுத்தது, அந்த வானம் இங்கிலாந்து வானம்.

5 ஆகஸ்ட்

டேப்பிர் என்ற பிராணி ஆப்பிரிக்காவில் கிடையாதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடையாதுதான். மத்திய, தென் அமெரிக்காவிலும் மலாயா, பர்மா பக்கமும்தான் உண்டு. குரங்குகள் அடித்துத் தின்னும் அந்த நீண்ட மூக்குப் பன்றிமாதிரி உயிர்கள் எப்படி இங்கே வந்தன என்று கூப்ரிக்கைத்தான் கேட்க வேண்டும். நம் முன்னோர் மாதிரி கப்பலில் கரும்பு வெட்ட வந்திருக்கலாம்.

7 ஆகஸ்ட்

என் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது 1974 டிசம்பர் விடுமுறையில், டர்பன் பக்கத்து டோங்காட்டில், எங்கள் ஆயா, அதாவது பாட்டி வீட்டில். எனக்குப் பதினொரு வயது. இந்த நாட்டில் டிவி வந்ததே 1976 ஜனவரியில்தான், அதுவரை பயாஸ்கோப் வேண்டுமென்றால் டர்பனுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரும் படச்சுருளும் வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே போட வேண்டும். அப்பா எடுத்து வந்தார். முன்னறைச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. நடுவில் ஒரு மடிப்பு, எவ்வளவு இஸ்திரி போட்டாலும் போகாது, எல்லா முகமும் மூக்குப் பக்கம் ஒடிந்தே தெரியும். விளக்கு வெளிச்சத்துக்கு வந்த விட்டில்கள் கிரகங்களுக்கு நடுவே பறந்தன. தட்டில் பீன்ஸ் கறியும் ரொட்டியும். சுருள் மாற்றும்போதெல்லாம் அம்மா விளக்கைப் போட, நாங்கள் சாப்பிட்டோம்.

நான்கு சுருள். முதல் சுருளைக் கடைக்காரர் தப்பாகப் பெட்டியில் வைத்துவிட்டார்போல, படம் இரண்டாவது சுருளிலிருந்து ஆரம்பித்தது. பெயர் இல்லை, தலைப்பு இல்லை, எடுத்த எடுப்பிலேயே நிலா. நிலாவில் கல், பிறகு வியாழனுக்குப் போகிற கப்பல், பேசும் கணினி ஹால், கண்ணைப் பறிக்கும் வண்ண ஒளி, வெள்ளை அறை, கிழவர், கடைசியில் பூமியைப் பார்த்துக்கொண்டு மிதக்கும் குழந்தை. அதற்குப் பிறகுதான் முதல் சுருள் ஏறியது. சூரியன் உதிக்கிறது, பெயர் வருகிறது, பாலைவனம், குரங்குகள். பிறகு எலும்பு, பிறகு விண்கலம், ஒரு ஆள் நிலாவுக்குப் புறப்படுகிறார், 'முற்றும்' இல்லாமலேயே சுருள் தீர்ந்து பட் பட் என்று அடித்துக்கொண்டது.

எனக்குத் துளிக்கூடக் குழப்பமில்லை. குழந்தை பூமிக்கு வந்து குரங்காகப் பிறந்தது, குரங்கு எலும்பை வீசி மறுபடி மேலே போனது. சுற்று. பதினான்கு வருஷம் கழித்துத்தான் வீடியோவில் சரியான வரிசையில் பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது. ஒழுங்காகப் போட்டால் படம் ஒரு ஏணி மாதிரி ஏறி முடிந்துவிடுகிறது.

8 ஆகஸ்ட், காலை

கல்லைப் பற்றி. அதன் பக்கங்கள் 1, 4, 9 என்ற விகிதத்தில் இருக்கும், முதல் மூன்று எண்களின் வர்க்கம், அதனால் அது கடவுளல்ல, கணக்குத் தெரிந்த யாரோ செய்தது.

8 ஆகஸ்ட், மாலை

மேலே எழுதியது அரைகுறை. அந்த விகிதம் கிளார்க்கின் நாவலில் உள்ளது. படத்துக் கல் அதைவிட ஒல்லி, திரையில் அளந்து பார்த்தால் ஒத்துவராது. மூன்று பேர் அளந்து பார்த்து எழுதியிருக்கிறீர்கள், சரி, வேலை இல்லாதவர் நான் ஒருவன் மட்டும் இல்லை. முதலில் ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பாளமாகத்தான் அதைச் செய்து பார்த்தார்கள், சரிப்படவில்லை, அப்புறம்தான் கறுப்பு. நாவலுக்கும் படத்துக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம்: எலும்புக்கு அடுத்து வரும் அந்தக் கலம் பூமியைச் சுற்றும் அணுகுண்டு என்பது திட்டம், நாவலின் கடைசியில் குழந்தை அவற்றை வெடிக்க வைக்கிறது. படத்தில் குண்டு என்று யாரும் சொல்வதில்லை, குழந்தையும் சும்மா பார்க்கிறது. 'ஆயுதத்திலிருந்து ஆயுதம்' என்று அந்த வெட்டுக்கு எல்லோரும் விளக்கம் எழுதுகிறார்கள். திரையில் இருப்பது ஒரு எலும்பும் ஒரு டப்பாவும், அவ்வளவுதான்.

11 ஆகஸ்ட்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டார்ட் தப்பு.

சி.கே. பிரெயின் என்று ஒருவர். மூளை என்ற பெயரோடு வாழ்நாள் முழுக்க எலும்பு பார்த்தவர். டார்ட் சொன்னதை அவர் சந்தேகப்பட்டது எப்படி என்றால், நமீபியாவில் குய்செப் ஆற்றுப் படுகைக் கிராமங்களுக்குப் போனார். அங்கே ஆட்டை மனிதர் தின்று எலும்பை எறிவார்கள், நாய்கள் மீதியைக் கடிக்கும். மிஞ்சிக் கிடந்ததைப் பொறுக்கி எண்ணினார். கெட்டியான எலும்பு தப்பியது, மெத்தென்றது காணாமல் போனது. எவை தப்பின, எவை போயின என்கிற கணக்கு மக்காபான்ஸ்காட் குவியலோடு ஒத்துப்போனது. ஆக மூதாதை 'தேர்ந்தெடுத்துச் சேர்த்த ஆயுதங்கள்' என்று டார்ட் நினைத்தவை பல்லுக்கு மசியாத மிச்சங்கள்.

அடுத்தது ஸ்வார்ட்க்ரான்ஸ் குகை. ஒரு சின்ன மண்டையோட்டின் பின்பக்கம் இரண்டு துளைகள். அதே குகையில் கிடைத்த சிறுத்தையின் கீழ்த்தாடைக் கோரைப்பற்களை வைத்துப் பார்த்தால் இரண்டும் துளைகளுக்குள் உட்காருகின்றன. தலையைக் கவ்வி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. 1981-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'வேட்டையாடியவரா, வேட்டையாடப்பட்டவரா' என்கிற கேள்விதான். டார்ட்டின் டாவுங் குழந்தையும் தப்பவில்லை: அதைத் தூக்கியது கழுகு என்று 1995-இல் லீ பெர்கரும் ரான் கிளார்க்கும் எழுதினார்கள் (இவர் வேறு கிளார்க், நாவல்காரர் இல்லை), 2006-இல் கண்குழியில் கழுகு விட்ட அடையாளங்களையும் பெர்கர் காட்டினார். மூன்று வயதுப் பிள்ளை.

டார்ட் பாவம், தன் கையில் ஏந்தியிருந்தது இரையின் முகம், அதிலிருந்து வளர்ந்து வந்ததோ கொலைகாரன் கதை.

12 ஆகஸ்ட்

"அப்படியானால் படமே பொய்யா" என்று பீனிக்ஸ்காரர். நானும் நேற்று இரவு முழுக்க அதையே யோசித்தேன். பிறகு எழுந்து குரங்குப் பகுதியை மட்டும் மறுபடி போட்டேன், மனைவி எழுந்து வந்து இந்த வயதில் நடுராத்திரியில் குரங்கு பார்க்கிறீர்களே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கவனித்துப் பாருங்கள். கல் வருவதற்கு முந்திய காட்சி என்ன? இரவு. வெளியே செத்த வரிக்குதிரை மேல் சிறுத்தை படுத்திருக்கிறது, அதன் கண் இரண்டும் விளக்குப் போல எரிகின்றன (பின்னணிக்குப் பாய்ச்சிய ஒளி கண்ணில் பட்டுத் திரும்பியதால் வந்த மினுக்கம் அது). உள்ளே பாறை இடுக்கில் குரங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. உறுமல் கேட்கும்போதெல்லாம் கண்ணைத் திறக்கின்றன. தாய் குட்டியை இறுக்குகிறது. யாரும் தூங்குவதில்லை. விடிந்தால் கல். கூப்ரிக்குக்குப் பிரெயினைத் தெரியாது, டார்ட்டின் கதையைத்தான் எடுத்தார், ஆனால் அதற்குள் இந்த இரவையும் வைத்திருக்கிறார்.

ஆயாவை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர் படத்தில் வேறு எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. இந்த இடத்தில் மட்டும் சொன்னார்: "பாவம்டா, அதுங்க தூங்கவே இல்லியே. வெளிய புலி உட்கார்ந்திருக்கு." கரும்புத் தோட்டத்து பாரக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு ஏன் அது மட்டும் பட்டது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆகவே 4 ஆகஸ்ட் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். 'நீங்கள் பார்த்தது டார்ட்டின் குகை' என்றேன். பாதிதான் டார்ட்டின் குகை.

15 ஆகஸ்ட்

சாப்பாட்டை வைத்தே இந்தப் படத்தை முழுதாகப் படித்துவிடலாம். ஆரம்பத்தில் குரங்கும் டேப்பிரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வறட்டுச் செடியைப் பிடுங்கித் தின்கின்றன, ஒன்றை ஒன்று லேசாகத் தள்ளிவிட்டுக்கொண்டு. எலும்புக்குப் பிறகு பச்சை இறைச்சி. விண்வெளியில் குழாய் வைத்து உறிஞ்சும் கூழ். நிலாவுக்கு மேலே பறக்கும் வண்டியில் சாண்ட்விச், கோழியா வேறெதுவா என்று அவர்களுக்கே தெரியவில்லை. கப்பலில் நிறம் நிறமாகக் களி. கடைசி வெள்ளை அறையில்தான் ஒரு மனிதன் மேசையில் உட்கார்ந்து, தட்டு வைத்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறான், கண்ணாடிக் கோப்பையைத் தட்டி உடைக்கிறான். பரிணாமம் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறவர்கள் இந்தக் கோப்பையைப் பற்றி இரண்டு வரியில் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தச் சத்தம்தான் படம் முழுக்க மிக நெருக்கமான சத்தம். நாற்பது லட்சம் வருஷத்துக்குப் பிறகும் கை தவறுகிறது.

16 ஆகஸ்ட்

தசாவதாரம்தான் பரிணாமம் என்று ஐந்து பேர் எழுதிவிட்டீர்கள். மீன், ஆமை, பன்றி, தெரியும். கோயிலில் கேட்டாகிவிட்டது, கல்யாண வீட்டில் கேட்டாகிவிட்டது. என் பங்குக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், சிவபுராணம் பாடும்போது கவனியுங்கள்: புல், பூடு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு, அப்புறம் 'கல்லாய் மனிதராய்ப் பேயாய்'. மனிதனுக்கு முன்னால் கல். பேய்க்குப் பக்கத்தில் மனிதன். மாணிக்கவாசகர் ஏணி போடவில்லை, முதல் சுருள் கடைசியில் ஓடிய என் படம் மாதிரிதான் போட்டிருக்கிறார். இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.

21 ஆகஸ்ட்

அதே 1968-இல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' பற்றிக் கேட்டீர்கள். அந்த ஊரில் கொரில்லா படைவீரன், சிம்பன்சி விஞ்ஞானி, ஒராங்குட்டான் ஆட்சியாளன். பிறப்பே வேலையையும் தகுதியையும் தீர்மானித்துவிடும். நிறவெறி ஆட்சியின் 1950 பதிவுச் சட்டத்தின் கீழ் இனம் குறித்த அட்டையோடு வளர்ந்த எங்களுக்கு இதில் குறியீடு ஒன்றும் தேடவேண்டியிருக்கவில்லை. அதில் டாக்டர் ஜேயஸ் என்ற ஒராங்குட்டான் அறிவியல் அமைச்சர், அவரேதான் மதக் காவலரும். தடை செய்த குகையில் என்ன புதைந்திருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், யாரும் தோண்டக்கூடாது என்கிறார்.

எங்கள் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் ஒருவரிடம் மனிதன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டேன். கதவைப் பார்த்தார். பிறகு தவளையின் குடலுக்குப் போனார். கெட்டவர் அல்ல, வேலை போய்விடும். மண்டைகள் ஜோஹன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன, உலகம் வந்து பார்த்துவிட்டுப் போனது, இந்த நாட்டுப் பிள்ளைகளின் பாடத்தில் மட்டும் இல்லை. 12ஆம் வகுப்புப் பாடத்தில் பரிணாமம் நுழைந்தது 2008-இல். நான் கற்றது மடிப்பு விழுந்த படுக்கை விரிப்பில், அதுவும் தலைகீழாக.

27 ஆகஸ்ட்

சிரிக்க ஒன்று. போன வருஷம் லோட் ஷெடிங், அதாவது மின்வெட்டு, உச்சத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் சோலார் பலகை வாங்கினார். மாட்ட வருகிறவர்கள் வரவில்லை, ஒரு பலகையைப் புல்வெளியில் மாமரத்தில் சாய்த்து நிற்க வைத்திருந்தார். கறுப்பு, உயரம், பளபளப்பு. விடிகாலை ஐந்தரைக்கு நான் தேத்தண்ணீரோடு ஜன்னலில் நிற்கிறேன், வழக்கமாக வரும் வெர்வெட் குரங்குக் கூட்டம் வந்தது. ஒன்றும் மேலே ஏறவில்லை. சுற்றி உட்கார்ந்தன. ஒரு கிழட்டு ஆண் குரங்கு மெதுவாகப் போய், கையை நீட்டி, தொட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த இசை காதில் கேட்டது. போனை எடுக்க உள்ளே ஓடி வருவதற்குள் கலைந்துவிட்டன.

பலன் ஒன்றுமில்லை. அடுத்த நாளும் அதே ரொட்டியைத்தான் திருடின.

28 ஆகஸ்ட்

திருத்தம். மனைவி இதைப் படித்துவிட்டுச் சொல்கிறாள்: அதற்கு அடுத்த வாரம்தான் அவை எங்கள் சமையலறைத் தள்ளுகதவைத் திறக்கக் கற்றன. அப்போது விளக்குமாற்றுக் கட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கத்தியது யார் என்பதையும் எழுதச் சொல்கிறாள். எழுதியாகிவிட்டது.

18 செப்டம்பர்

நேற்று புரட்டாசி பிறந்தது. அக்கா ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து பேசினாள், இந்த இழையை அவள் மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். எடுத்ததுமே, "டிசம்பர்ல எந்த வீட்டுலடா பீன்ஸ் கறி போட்டாங்க?"

எனக்கு உறைத்தது. டிசம்பர் என்றால் ஆயா வீட்டில் ஆட்டுக்கறி இல்லாமல் ஒரு ராத்திரி போகாது. அது அக்டோபர் விடுமுறை. புரட்டாசி விரதம்.

"கடைக்காரர் பாவம், அவரை ஏன் இழுக்கிற? சுருளை மாத்தினது அப்பா." முந்தின இரவு அப்பா தனியாக முதல் சுருளை ஓட்டிப் பார்த்திருக்கிறார், நல்ல படமா என்று. குரங்குகள் பச்சை இறைச்சியைக் கிழித்துத் தின்பதைப் பார்த்தவுடன் கதிகலங்கிவிட்டது. புரட்டாசியில், சாமி படத்துக்கு எதிர்ச் சுவரில், ஆயா முன்னால் உட்கார்ந்திருக்க, இதையா போடுவது? அதனால் அந்தச் சுருளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார், அதற்குள் ஆயா தூங்கப் போய்விடுவார் என்ற கணக்கு. ஐம்பது வருஷமாக நான் ஒரு கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆயா போகவில்லை. தூக்கம் வரவில்லை, போடுடா என்று உட்கார்ந்துவிட்டார். சிறுத்தை இரவைப் பார்த்தார், அந்த வார்த்தையைச் சொன்னார். கல் வந்தது. எலும்பு வந்தது. டேப்பிர் சாய்ந்ததுமே அப்பா வேகமாக, "அம்மா, கண்ணை மூடிக்கிங்க" என்றிருக்கிறார். ஆயா முந்தானையால் முகத்தைப் போர்த்திக்கொண்டார். முடிந்ததும் சொல்லுவதாக ஏற்பாடு. நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் யாரும் சொல்லவில்லை. அக்கா திரும்பிப் பார்த்தபோது விண்கலம் ஓடிக்கொண்டிருந்தது, ஆயா அப்படியே உட்கார்ந்திருந்தார், துணிக்குள்ளிருந்து கேட்டார், "புலி போயிடுச்சா?"